இரண்டாவது வெளிச்சம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது எங்கோ கேட்டு, வாய் மாறி வாய் மாறி வந்த கதை இல்லை. என் கூடப் பிறந்த அக்காவுக்கு நடந்தது. இதை அவள் என்னிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறாள். மூன்று முறையும் ஒரு நிமிடம்கூட முன்பின் மாறவில்லை. பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால், "உங்களுக்கெல்லாம் வேற வேலை இல்லையா?" என்று எழுந்து போகிற ரகம் அவள். அதனால்தான் நம்பி எழுதுகிறேன். நடந்தது ராத்திரியில்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், மதியம் இரண்டு மணி.

அக்கா ஒரு பாஸ்போர்ட் போட்டோ கடையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள். பின்னால் வெள்ளைத் துணி, நடுவில் ஒரு ஸ்டூல், இரண்டு பக்கமும் இரண்டு விளக்கு. இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது, அடுத்த ஆள் வரலாம். "நான் போட்டோவா எடுக்கிறேன்? மூஞ்சிங்களை இஸ்திரி போட்டுக் குடுக்கிறேன்" என்று அலுத்துக்கொள்வாள். அவள் ஆசை வேறு. பாதி முகம் வெளிச்சத்தில், பாதி முகம் இருட்டில், பார்த்தவுடனே ஆளை நிறுத்துகிற மாதிரி ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும்.

அதற்காக ஒரு ஃபிளாஷ் வாங்கினாள். அதைத் தள்ளி நின்றே எரியவைக்க, கேமரா தலையில் மாட்டுகிற ஒரு ட்ரிக்கர். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு ஸ்டாண்டு. கேமராவின் மேலேயே இருக்கிற ஃபிளாஷ் நேராக முகத்தில் அறைந்து எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். அதைக் கழற்றிப் பக்கவாட்டில் கொண்டுபோய் வைத்தால்தான் முகத்துக்கு மூக்கும் முழியும் வரும். வீடியோ பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டாள். பார்லர்காரி தூக்கிப்போட இருந்த ஒரு பொம்மைத் தலைதான் அவளுக்கு மாடல். அது எப்போதும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும். அத்தான் சாப்பிட வரும்போதெல்லாம் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார். "நான் எத்தனை தடவை போட்டுக்கிறேன்னு எண்ணுது" என்பார்.

நாலு மாதத்தில் அக்கா இரண்டு விஷயம் தெரிந்துகொண்டாள். மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ, அதற்கு எதிர்ப் பக்கம் விளக்கு இருக்கிறது. கண்ணின் கருமணியில் எத்தனை வெளிச்சப் புள்ளி தெரிகிறதோ, அத்தனை விளக்கு இருக்கிறது. "படத்துல எது வேணா பொய் சொல்லும். இந்த ரெண்டும் சொல்லாது" என்று என்னிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

அத்தானின் தம்பியை வீட்டில் கொசு என்று கூப்பிடுவார்கள். குறைமாதத்தில் பிறந்து கையளவு இருந்தபோது வைத்த பேர். இப்போது தொண்ணூற்றாறு கிலோ. ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறவன். சொந்தமாக ஒரு ஜிம் தொடங்குவதற்கு இடமும் பிடித்துவிட்டான். நுழைந்ததும் எதிர்ச் சுவரில் தன் படம் ஆளுயரத்துக்கு இருக்க வேண்டும் என்று அண்ணியிடம் வந்து நின்றான்.

"அண்ணி, என்னைப் பார்த்தாலே எதிராளி திரும்பி ஓடணும்."

"அதுக்கு எதுக்குடா படம்? நீ பாட ஆரம்பிச்சாலே போதுமே."

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஜிம் வரப்போகிற இடத்துக்குப் போனார்கள். நாலு மாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளம். தெருவில் ஒரு ஷட்டர், அதற்குள் இருபத்திரண்டு படி இறக்கம், கீழே ஓர் இரும்புக் கதவு. உள்ளே ஜன்னல் கிடையாது. கரண்ட் இணைப்பும் இன்னும் வரவில்லை. புதுச் சிமெண்டு வாசனை, பெயிண்ட் வாசனை. ஒரு சுவருக்குக் கொசுவே கறுப்பு அடித்திருந்தான். அக்காவுக்கு இடம் பிடித்துப்போயிற்று. வெளியிலிருந்து ஒரு துளி வெளிச்சம் வராது. தான் வைக்கிற விளக்கு மட்டும்தான் பேசும்.

மணி 1:50. கறுப்புச் சுவருக்கு முன்னால் ஒரு மர ஸ்டூலைப் போட்டுக் கொசுவை உட்காரவைத்தாள். அவனுடைய இடது பக்கம், தலைக்கு ஒரு முழம் மேலே, ஸ்டாண்டில் ஃபிளாஷ். வலது பக்கம் ஒன்றுமே இல்லை. வெறும் இருட்டு, அதற்கப்பால் சுவர். அவன் போனின் டார்ச்சைப் பையின் மேல் சாய்த்து வைத்தாள், ஆள் இருக்கிற இடம் தெரிந்தால் போதும் என்று. இரும்புக் கதவைச் சாத்தினாள்.

2:04-க்கு ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம். அது முழுக் கறுப்பாக வர வேண்டும். அப்போதுதான் மற்ற வெளிச்சம் எதுவும் உள்ளே வரவில்லை என்று அர்த்தம். வந்தது முழுக் கறுப்பு. சரி.

2:06. முதல் படம்.

பட்.

அக்கா கேமராவின் திரையைப் பார்த்தாள். கொசுவின் பாதி முகம் கல்லில் வெட்டிய மாதிரி இருந்தது. மற்ற பாதி இல்லவே இல்லை. பதினோரு வருஷம் காத்திருந்த படம். ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஏறும்போது 'ஈ...' என்று மெல்லிய சத்தம் எழும். நாலு விநாடி. அது நின்றால் அடுத்த படத்துக்குத் தயார் என்று பொருள். இரண்டாவது எடுத்தாள். மூன்றாவது எடுத்தாள். ஒன்றைவிட ஒன்று நன்றாக இருந்தது.

நாலாவது படத்தில்தான் ஏதோ இடித்தது.

வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. மூக்கின் நிழல் இடது பக்கம் சாய்ந்திருந்தது. அவள் ஸ்டாண்டைப் பார்த்தாள். ஸ்டாண்டு இடது பக்கத்தில்தான் நின்றது. நகர்த்தவே இல்லை.

"தலையைத் திருப்பினியாடா?"

"இல்லையே அண்ணி."

ஏதோ பட்டனை மாற்றி அழுத்திவிட்டோம் போல என்று நினைத்துக்கொண்டாள். 2:11-க்கு ஐந்தாவது படம்.

பட்... பட்.

இரண்டு சத்தம். கொசு தலையைச் சட்டென்று பின்னால் இழுத்தான். கன்னத்தைத் தடவினான்.

"அண்ணி, என் மேல எதாவது விழுந்துச்சா?"

"ஒண்ணும் விழல. ஏன்?"

"யாரோ அறைஞ்ச மாதிரி இருந்துச்சு."

அக்கா திரையைப் பார்த்தாள். படத்தில் கொசுவின் கீழுதடு கிழிந்திருந்தது. மோவாயில் ரத்தம் வழிந்திருந்தது. ஓடிப்போய் டார்ச்சை எடுத்து அவன் முகத்தில் அடித்தாள். உதடு நன்றாக இருந்தது. ஒரு கீறல் இல்லை.

திரும்பத் திரையைப் பார்த்தாள். ரத்தம் இருந்தது.

படத்தைப் பெரிதாக்கினாள். கண்ணைப் பெரிதாக்கினாள். கருமணியில் ஒரு புள்ளி இருக்க வேண்டும். இரண்டு இருந்தன. இடது பக்கப் புள்ளி அவளுடைய ஃபிளாஷ். வலது பக்கப் புள்ளி இன்னும் பெரியது. அதற்கு முன்னால் கறுப்பாக ஒன்று நின்றது. தோள். தலை. ஓங்கின கை.

கொசுவுக்கு வலது பக்கம் டார்ச்சை அடித்தாள். சுவர்தான் இருந்தது.

"கிளம்பலாம்டா."

"என்ன அண்ணி, இப்பதான் சூடு பிடிச்சுது. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

போயிருக்கலாம். அக்கா போகவில்லை. அவன் கேட்டான் என்பதற்காக மட்டும் இல்லை. தான் பார்த்தது நிஜமா என்று தெரிந்துகொள்ள அவளுக்கே இன்னொரு படம் வேண்டியிருந்தது. டார்ச்சைப் பையின் மேல் வைத்தாள். கேமராவைத் தூக்கினாள்.

மணி 2:14.

பட்.

கூடவே இன்னொரு சத்தம். கட்டையால் ஈரத் துணியை ஓங்கி அடித்த மாதிரி. ஸ்டூல் முறிந்தது. தொண்ணூற்றாறு கிலோ உடம்பு தரையில் விழுகிற சத்தம். எதுவோ பையை உதைத்தது. போன் சுழன்றுகொண்டே போய்க் குப்புற விழுந்தது.

முழு இருட்டு.

"எவன்டா அது!" கொசு கத்தினான். அவன் எழுந்து காற்றில் குத்துகிற சத்தம் கேட்டது. அவன் குத்து எதன் மேலும் படவில்லை.

ஈ... ஃபிளாஷ் சார்ஜ் ஏறியது.

அக்கா பட்டனைத் தொடவில்லை.

பட்.

அந்த ஒரு கணத்தில் பார்த்தாள். கொசு முட்டி போட்டிருந்தான். அவனுடைய இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் முறுக்கியிருந்தன. பிடித்திருந்த ஆள் இல்லை. கை மட்டும் முறுக்கியிருந்தது.

இருட்டு. அலறல்.

ஈ...

பட்.

அவன் தலைமுடி கொத்தாக மேலே நின்றது, யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி. கழுத்து பின்னால் வளைந்திருந்தது. வாய் முழுக்க ரத்தம்.

இருட்டு. விலாவில் உதை விழுகிற சத்தம். ஒன்று. இன்னொன்று. எலும்பு முறிகிற சத்தம் எப்படி இருக்கும் என்று அக்காவுக்கு அதுவரை தெரியாது. கேட்ட உடனே தெரிந்துவிட்டதாம்.

ஈ...

அப்போது கொசு பேச ஆரம்பித்தான்.

"வேணாம்... வேணாம் சார்... சொல்லிடறேன்... எல்லாத்தையும் சொல்லிடறேன் சார்..."

அவன் யாரையும் சார் போட்டுப் பேசினதே கிடையாது. பள்ளிக்கூடத்தில்கூட.

பட்.

தரையில் குப்புறக் கிடந்தான். கன்னம் சிமெண்டில் நசுங்கியிருந்தது, ஒரு கால் அதை மிதித்துக்கொண்டிருக்கிற மாதிரி. வலது கை தனியாக நீண்டிருந்தது. விரல் இரண்டு பின்பக்கமாக மடங்கிக்கொண்டிருந்தன. மெதுவாக...

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு வெளிச்சத்தையும் ஒட்டித்தான் அடி விழுகிறது. அந்த 'ஈ' சத்தம் நின்றால் அடி.

ஃபிளாஷை நோக்கி ஓடினாள். முழங்கால் எதிலோ இடித்தது. விழுந்தாள். தவழ்ந்தாள். ஸ்டாண்டின் கால் கையில் பட்டது. பிடித்து இழுத்துச் சாய்த்தாள். ஃபிளாஷின் மூடியை நகத்தால் பிடுங்கினாள். நாலு பேட்டரியும் சிமெண்டுத் தரையில் உருண்டு ஓடின.

சத்தம் நின்றது.

கொசு மூச்சு விடுகிறது கேட்டது. குழாய் உறிஞ்சுகிற மாதிரி ஒரு மூச்சு.

"டேய்... எங்கேடா இருக்க?"

அவனைத் தேடித் தரையைத் தடவினாள்.

ஒரு விநாடி.

இரண்டு.

ஈ...

வலது பக்கத்திலிருந்து.

ஒன்றுமே இல்லாத பக்கம்.

பட்.

அந்த வெளிச்சத்தில் கறுப்புச் சுவரில் ஒரு நிழல் விழுந்தது. கை ஓங்கியிருந்தது. கையில் தடியாக ஏதோ இருந்தது. நிழலுக்குச் சொந்தமான ஆள் மட்டும் இல்லை.

கொசு கத்தவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அடி விழுந்தது, அவன் கத்தவில்லை.

ஈ...

அக்கா ஸ்டாண்டை இரண்டு கையாலும் தூக்கினாள். சத்தம் வந்த பக்கம் பார்த்து ஓங்கி வீசினாள்.

பட்டது.

சுவரில் இல்லை. தூணில் இல்லை. சதையில். "சத்தியமா சொல்றேன், உடம்புடி. சூடா இருந்துச்சு. ஸ்டாண்டு வழியா கை வரைக்கும் அந்தச் சூடு வந்துச்சு" என்றாள் என்னிடம்.

"ம்க்" என்றது.

திரும்ப அடித்தாள். எதுவோ அவள் கணுக்காலைப் பிடித்தது. அந்தப் பிடியின் மேலேயே அடித்தாள். பிடி விட்டது. விட்ட பிறகும் அடித்தாள். அடி இறங்க இறங்க அது மிருதுவாகிக்கொண்டே போனது. முகத்தில் ஏதோ தெறித்தது. உதட்டில் உப்புக் கரித்தது. எத்தனை தடவை என்று தெரியாது. இனி அசையாது என்று தெரிந்த பிறகும் நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லையாம். அதை மட்டும் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

ஈ...

பாதியில் அறுந்தது.

"அண்ணி..."

பின்னால் கொசுவின் குரல்.

"போதும் அண்ணி..."

குரல் வந்த இடத்துக்குத் தவழ்ந்து போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். அவனை அவள் இழுத்தாளா, அவளை அவன் தள்ளினானா, தெரியாது. கதவு. படி. எண்ணிக்கொண்டே ஏறினாளாம், பைத்தியக்காரி மாதிரி. இருபது... இருபத்தொன்று... இருபத்திரண்டு.

தெரு. வெயில். எதிர் வீட்டு மாடியில் ஒருத்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பஸ் போனது. பக்கத்துக் கடைக் கடிகாரத்தில் 2:31.

அக்கா கொசுவைப் பார்த்தாள். ரத்தம் இல்லை. உதடு கிழியவில்லை. கன்னத்தில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. சட்டையில் சிமெண்டுத் தூசி மட்டும். அவள் முகத்திலும் ஒன்றும் இல்லை, வியர்வைதான். அவள் கையில் இரும்பு ஸ்டாண்டு இன்னும் இருந்தது. வில் மாதிரி வளைந்திருந்தது.

கொசு நடைபாதையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

"யாரு அண்ணி அது?"

"தெரியலடா."

"நான் ஏதாவது சொன்னேனா?"

"ஒண்ணும் சொல்லல" என்றாள் அக்கா. அவன் இன்றுவரை அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறான்.

சாயங்காலம் அத்தான் இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு பெரிய விளக்குகளோடு கீழே போய்ப் பார்த்தார். ஸ்டூல் இரண்டாகக் கிடந்தது. நாலு பேட்டரியும் நாலு மூலையில் கிடந்தன. வேறு ஆளும் இல்லை, ஆள் இருந்த அடையாளமும் இல்லை. முதலில் எடுத்த அந்த முழுக் கறுப்புப் படத்தைத் தவிர, கேமராவில் ஐந்து படம் இருந்தது. ஐந்தும் அருமையான படம். ஐந்திலும் வெளிச்சம் இடது பக்கம், கண்ணில் ஒரே புள்ளி. ஆறாவது படம் பதிவாகவே இல்லை. கட்டிடக்காரரை விசாரித்தோம். பத்துப் பதினைந்து வருஷம் அங்கே காகிதக் கட்டு அடுக்கியிருந்தார்களாம். அதற்கு முன் செருப்புப் பெட்டி. "அங்கே யாரும் சாகவும் இல்ல, சண்டை போடவும் இல்ல. வாடகைக்கு இஷ்டமில்லன்னா நேரா சொல்லுங்க" என்று கோபித்துக்கொண்டார். அக்கம்பக்கத்தில் கேட்டாலும் அதே பதில்தான். இதற்குமேல் அந்த இடத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

கொசுவுக்கு வலது கையை மடக்க முடியவில்லை. மூச்சு இழுத்தால் விலா குத்தியது. மறுநாள் காலை கொசுவின் அம்மாவான அத்தையும் அக்காவும் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கை, நெஞ்சு, முகம் என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு டாக்டர் ஓர் அம்மா. படங்களை விளக்குப் பலகையில் மாட்டி வெகு நேரம் பார்த்தார்.

"எப்ப நடந்த ஆக்ஸிடென்ட் இது?"

"நேத்துதான் டாக்டர், கீழ விழுந்துட்டான்" என்றாள் அக்கா.

"நேத்து நடந்தது எதுவும் இதுல இல்ல. இதெல்லாம் இருபது வருஷத்துக்கு மேல பழசு." டாக்டர் பேனாவால் தொட்டுக் காட்டினார். வலது கையில் இரண்டு விரல். இடது விலாவில் இரண்டு. கன்ன எலும்பு. "அஞ்சு இடத்துல ஒடஞ்சு, தானா கூடியிருக்கு. கட்டுப் போடாம கோணலா கூடியிருக்கு. அஞ்சும் ஒரே நாள்லயும் இல்ல. ஒண்ணு ஆறினதுக்கு அப்புறம் அடுத்தது."

"என் புள்ளைக்கு முப்பது வயசும்மா. அவனுக்கு ஒரு நகம்கூட ஒடஞ்சதில்ல" என்றார் அத்தை.

டாக்டர் அத்தையை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு மற்ற இருவரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கொசுவிடம் கேட்டாராம். "சின்ன வயசுல உங்களை யாராவது எங்கயாவது அடைச்சு வெச்சு அடிச்சாங்களா? பயப்படாம சொல்லுங்க."

மாத்திரையும் பயிற்சியும் எழுதிக் கொடுத்து அனுப்பினார். கொசு அந்த இடத்தை விட்டுவிட்டான். வேலைக்கும் போகவில்லை. வீட்டை விட்டே வெளியே வரவில்லை. அத்தை அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தார். கை கொஞ்சம் கொஞ்சமாக மடங்க ஆரம்பித்தது. ஐந்து வாரம் கழித்து டாக்டர் மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அந்த முறை நானும் கூடப் போயிருந்தேன்.

டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பேனாவை எடுத்தார். எண்ணினார். நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். விரலால் படத்தைத் துடைத்துப் பார்த்தார், அழுக்கோ என்று. எக்ஸ்ரே எடுத்தவரைக் கூப்பிட்டு, ஆள் மாறிவிட்டதா என்று கேட்டார். மாறவில்லை.

"கீழ எதாவது விழுந்தீங்களா? யாராவது அடிச்சாங்களா?"

"இல்ல டாக்டர். வீட்டை விட்டே வெளிய வரல."

"தோள் வலிக்குதா?"

"இல்லையே. ஏன்?"

டாக்டர் இடது தோளின் காறை எலும்பைத் தொட்டுக் காட்டினார். பழைய படத்தில் அது முழுசாக இருந்தது. புதுப் படத்தில் நடுவில் ஒரு கோடு.

"அந்த அஞ்சும் பழசு" என்றார். "இது புதுசு. ஒடஞ்சு மூணு வாரம்கூட ஆகல."

அதற்குப் பிறகு இன்னொரு எக்ஸ்ரே எடுக்கும்படி யாரும் சொல்லவில்லை. கொசுவும் கேட்கவில்லை.